பாலையும் நெய்தலும் ஒட்டிக் கிடக்கும் கரைக்கு மகளை அழைத்துப் போகலாமா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு, திமிங்கலம் என்றால் உயிர். சான் டியேகோவில் இருக்கும் கணவரின் அண்ணன், மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா கரையோரமாக ஒரு வாரம் சின்னக் கப்பலில் போய்க் காட்டுயிர் பார்க்கலாம், குடும்பமாக வாருங்கள் என்று கூப்பிடுகிறாராம். எழுபத்தொரு வயது மாமனாரும் கிளம்பத் தயார். "வெறும் பாலைவனக் கரையில் அவ்வளவு பணம் செலவழித்து என்ன பார்க்கப் போகிறோம்? பெண் இரண்டாம் நாளே போர் அடிக்கிறது என்று உட்கார்ந்துவிட மாட்டாளா? மாமனாரால் முடியுமா?" இவை அவருடைய கேள்விகள்.

நான் முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் எடுத்தவன். அந்தக் கரைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஏமாந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது முறை தங்கை குடும்பத்தோடு, அவளுடைய பதினாலு வயதுப் பையனையும் சேர்த்து.

போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் வருகிற பிப்ரவரியிலேயே போய்விடுங்கள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அவசரம் திமிங்கலத்துக்கு இல்லை, பரீட்சைக்கு. சாம்பல் திமிங்கலங்கள் டிசம்பர் கடைசியில் அந்தக் கரையின் உப்பங்கழிகளுக்குள் வர ஆரம்பிக்கும். பிப்ரவரி நடுவில் கழி நிறைந்திருக்கும். ஆண்களும் குட்டி போடாத பெண்களும் முதலில் கிளம்பிவிட, தாயும் குட்டியுமாக இருப்பவை மட்டும் ஏப்ரல் தொடக்கம் வரை தங்கும். நம்மூரில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் பொதுத்தேர்வில் மூழ்கிக் கிடக்கும் மாதங்களும் இவைதான். ஒன்பதாவதில் பத்து நாள் லீவு கேட்டால் பள்ளி முகம் சுளிக்கும், அவ்வளவுதான். பத்தாவதில் கேட்டுப் பாருங்கள்! மே மாத விடுமுறைக்குத் தள்ளினால் கழியில் தண்ணீர் இருக்கும், வெயில் இருக்கும், திமிங்கலம் ஆர்க்டிக் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

இனி, பாலைவனக் கரையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் பாலை என்று பள்ளியில் படித்தோம். நெய்தலுக்குப் பக்கத்திலேயே பாலை படுத்துக் கிடப்பதை நம் புலவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பாஹா ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் நீளமுள்ள தீபகற்பம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், அங்கிருந்து விழுப்புரம் வரை திரும்பி வருகிற தூரம். மேற்கே பசிபிக். கிழக்கே கலிஃபோர்னியா வளைகுடா, அதைக் கோர்த்தெஸ் கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே இருக்கும் லா பாஸ் நகரத்தில் ஒரு வருடத்து மழை 200 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிய விஷயம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் கொட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலம் காய்ந்து கிடப்பதற்கும் கடல் கொழுத்துக் கிடப்பதற்கும் காரணம் ஒன்றே. பசிபிக் பக்கம் வடக்கிலிருந்து கலிஃபோர்னியா நீரோட்டம் என்ற குளிர்ந்த நீர் இறங்கி வருகிறது. குளிர்ந்த தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்று எழும்பாது, எழும்பாத காற்று மழை தராது. பனிமூட்டத்தோடு சரி. கரையை ஒட்டி வீசும் காற்று மேல்நீரை வெளியே தள்ள, அடியிலிருக்கும் சத்துள்ள குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. அதில் மிதவை உயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்னச் சிறு மீன்கள், அவற்றின் பின்னால் பறவைகள், கடல் சிங்கங்கள், திமிங்கலங்கள். வளைகுடாப் பக்கம் இதே வேலையைக் குளிர்காலத்து வடகாற்றும், தீவுகளுக்கு நடுவே இழுத்து அடிக்கும் ஓதமும் சேர்ந்து செய்கின்றன. மழையை மறுக்கிற தண்ணீர்தான் அங்கே மீனுக்குச் சோறு போடுகிறது. உங்கள் மகளுக்கு இதைப் பாடமாகச் சொல்லாதீர்கள். கப்பல் மேல்தளத்தில் நின்று ஒரு பக்கம் ஒரு புல்கூட இல்லாத மலையையும், மறு பக்கம் கொதிக்கிற எண்ணெய்போல மீன் துள்ளும் தண்ணீரையும் பார்க்கும்போது அவளே கேட்பாள்.

சாம்பல் திமிங்கலத்துக்கு வருகிறேன். இந்தப் பயணத்தின் உயிர் அதுதான். மற்றதெல்லாம் கூட வரும் கூட்டு, பொரியல்.

பெரியது பன்னிரண்டிலிருந்து பதினைந்து மீட்டர் நீளம், முப்பது நாற்பது டன் எடை. கோடையில் பெரிங், சுக்சி கடல்களின் தரையில் பக்கவாட்டில் படுத்துச் சேற்றை உறிஞ்சி, வாயிலிருக்கும் சீப்புபோன்ற தகடுகளால் வடிகட்டி, சின்னச் சின்ன இறால் வகை உயிர்களைத் தின்று கொழுக்கும். அப்புறம் தெற்கே கிளம்பும். போக வர 16,000 முதல் 20,000 கிலோமீட்டர். இந்தக் காலம் முழுக்கப் பெரும்பாலும் பட்டினிதான், உடம்பிலிருக்கும் கொழுப்பே கட்டுச்சோறு. கழியில் பிறக்கும் குட்டி நாலரை மீட்டர் இருக்கும், எடை ஏறத்தாழ முக்கால் டன். தாய்ப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

அவை வந்து சேரும் முக்கியக் கழிகள் மூன்று. வடக்கே ஓஹோ தெ லியெப்ரே, 'முயலின் கண்' என்று பொருள். நடுவில் சான் இக்னாசியோ. தெற்கே மக்தலேனா விரிகுடா. 1857இல் சார்ல்ஸ் ஸ்காம்மன் என்ற அமெரிக்கத் திமிங்கல வேட்டைக்காரர் முயலின் கண்ணுக்குள் கப்பலைக் கொண்டுபோனார். குறுகிய கழிக்குள் தாயையும் குட்டியையும் மடக்கிக் கொல்வது சுலபமாக இருந்தது. ஆனால் குட்டியைக் காப்பாற்றத் தாய்கள் படகுகளை அடித்து நொறுக்கியதால் இவற்றுக்குப் 'பேய்மீன்' என்று பெயர். சில பத்தாண்டுகளில் கழிகள் காலியாயின. அட்லாண்டிக்கில் இருந்த இதே இனம் அதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டு வாக்கில், முழுக்க அழிந்துவிட்டது. பசிபிக்கில் மிஞ்சியவை 1930, 40களில் வந்த உலக ஒப்பந்தங்களால் பிழைத்தன. 1994இல் அமெரிக்கா தன் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து கிழக்குப் பசிபிக் கூட்டத்தை எடுத்துவிட்டது.

1972இல் நடந்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். சான் இக்னாசியோவில் பச்சிகோ மயோரால் என்ற மீனவர். அந்தக் காலத்தில் அங்குள்ளவர்கள் திமிங்கலம் கிட்டே வந்தால் படகைத் தட்டி ஓசை எழுப்பி ஒதுங்கிவிடுவார்கள். அன்று ஒரு திமிங்கலம் அவருடைய படகுக்கடியில் வந்து உரசிக்கொண்டு நின்றது, விலகவே இல்லை. பயந்து பயந்து ஒரு விரலால் தொட்டார், பிறகு உள்ளங்கையால். அன்றிலிருந்து அந்தக் கழிகளில் திமிங்கலங்கள் தாமாகப் படகை நெருங்கி வருவதும், குட்டியைப் படகுப் பக்கம் தள்ளிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. ஏன் வருகின்றன? விளையாட்டு, உடம்பு அரிப்பு, எஞ்சின் ஓசையில் ஒரு ஈர்ப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தங்களைக் குத்திக் கொன்ற இனத்தின் படகிடம் அவை ஏன் வருகின்றன என்பதற்கு அறிவியலில் முடிந்த பதில் இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் கடைசி பெஞ்சுகூட அமைதியாகிவிடும்.

நம் வேதாரண்யம், தூத்துக்குடிக்காரர்களுக்குச் சுவையான ஒரு கிளைக்கதை: முயலின் கண் கழிக்குப் பக்கத்திலிருக்கும் கெர்ரேரோ நெக்ரோவில் உலகத்திலேயே பெரிய உப்பளம் ஓடுகிறது. அதேபோல ஒன்றை 1990களில் சான் இக்னாசியோவிலும் போடத் திட்டமிட்டார்கள். மீனவர்களிலிருந்து வெளிநாட்டு விஞ்ஞானிகள்வரை எதிர்த்தார்கள். அந்தப் பகுதி 1988இலேயே எல் விஸ்கைனோ உயிர்க்கோளக் காப்பகம், 1993இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கடைசியில் 2000ஆம் ஆண்டில் அன்றைய அதிபர் செடியோ திட்டத்தைக் கைவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு கசப்பான கணக்கையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2016இல் ஏறத்தாழ 27,000 சாம்பல் திமிங்கலங்கள் இருந்தன. 2025 மதிப்பீடு சுமார் 13,000. அந்த ஆண்டு வடக்கே திரும்பிய குட்டிகள் 85 மட்டுமே என்று கணக்கிட்டார்கள், 1994இல் குட்டிகளை எண்ண ஆரம்பித்ததிலிருந்து இதுதான் குறைவு. வடகடலில் பனி உருகி அடித்தரை உணவு குறைந்ததைத்தான் முக்கியக் காரணமாகப் பார்க்கிறார்கள். வயிறு நிறையாத தாய் கருத்தரிப்பதில்லை, தரித்தாலும் அவ்வளவு தூரம் தாங்குவதில்லை. ஆகவே பழைய வீடியோக்களில் பார்க்கிற மாதிரி திரும்பின பக்கமெல்லாம் குட்டி என்று மகளிடம் ஆசை காட்டாதீர்கள். ஒரு தாயும் ஒரு குட்டியும் கிடைத்தாலே போதும் என்ற மனநிலையோடு போகட்டும்.

என் தங்கை மகனுக்கு அப்படித்தான் ஒன்று கிடைத்தது. மக்தலேனா விரிகுடாவின் வடக்குப் பக்கம் லோபெஸ் மாத்தெயோஸ் என்ற சின்ன மீனவ ஊர். அங்கே 'பாங்கா' என்று சொல்லும் படகைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அசல் நம் காசிமேட்டு ஃபைபர் போட்! பின்னால் அவுட்போர்டு எஞ்சின், குறுக்கே பலகைகள், மூக்கு தூக்கி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏறினால் ஊரூர்க் குப்பம் என்று நம்பிவிடலாம். படகோட்டி ஐம்பது வயதைத் தாண்டியவர், வாய் திறந்து பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். கழிக்குள் போய் எஞ்சினை நியூட்ரலில் போட்டார். அணைக்கக் கூடாதாம், நாம் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். துரத்துவது, குறுக்கே போவது, தண்ணீரில் குதிப்பது எதற்கும் அனுமதி இல்லை. அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. பையன் ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் அவன் அம்மாவின் திட்டு. அப்போது தண்ணீரின் நிறம் மாறியது. பச்சைக்குள் வெளுப்பாக ஒரு பாறை நகர்ந்து வருகிற மாதிரி. படகுக்குப் பத்தடி தள்ளி 'பூஃப்' என்று ஒரு மூச்சு. பிரஷர் குக்கர் முதல் விசில் விடுவதற்கு முன் சீறுமே, அந்த ஓசைதான், பத்து மடங்கு. நீர்த்துளி என் கண்ணாடி முழுக்க. லேசான மீன் வாடை. அது தாய். அதன் தலை முழுக்கக் கொட்டலசு (படகடியில் ஒட்டுமே, அந்த ஓட்டுயிர்) ஒட்டி, நடுநடுவே ஆரஞ்சு நிறத்தில் திமிங்கலப் பேன்கள் நெளிந்துகொண்டிருந்தன. தாயின் முதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குட்டி எட்டிப் பார்த்தது. ஒட்டு எதுவும் இல்லாத தலை, கன்னத்தில் குழிகுழியாக, ஒவ்வொரு குழியிலும் ஒற்றை மயிர். பாலூட்டி என்பதற்கு அது கொண்டுவந்த அடையாள அட்டை அந்த மயிர்தான். பையன் ஹெட்ஃபோனைக் கழற்றியதை நான் பார்க்கவில்லை. படகின் ஓரத்தில் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு நின்றான். குட்டி மூக்கை உயர்த்தி அவனுடைய கைக்குள் கொண்டுவந்து வைத்தது. "மாமா, நுங்கு மாதிரி இருக்கு மாமா" என்றான். நானும் தொட்டேன். தோல் சீவிய நுங்குதான். அழுத்தினால் உள்வாங்கி, எடுத்தால் திரும்பி வந்தது.

அவனுக்கு இப்போது இருபத்து மூன்று வயது, கணக்குத் தணிக்கை வேலை. கடல் உயிரியல் படிக்கவில்லை. படிப்பான் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. மகளை இதனால் விஞ்ஞானியாக்கிவிடலாம் என்று பெரியப்பா யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வளைகுடாப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரக் கப்பல்களில் பெரும்பாலானவை அங்கேதான் சுற்றும். எஸ்பிரித்து சாந்தோ தீவுக்கு வடக்கே லாஸ் இஸ்லோத்தெஸ் என்ற பாறைகளில் கடல் சிங்கக் கூட்டம். ஸ்நார்க்கெல் போட்டு நீந்தினால் குட்டிகள் வந்து காலிலிருக்கும் துடுப்பைக் கடித்து இழுக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குட்டி போடும் காலம் என்பதால் நீந்த அனுமதியில்லை, பிப்ரவரியில் உண்டு. ஆனால் தண்ணீர் இருபது டிகிரிதான். மெரினாத் தண்ணீரில் பழகிய உடம்புக்கு அது ஐஸ், ஆகவே உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை கட்டாயம். லொரெத்தோ ஊருக்கு எதிரே பிப்ரவரி, மார்ச்சில் நீலத் திமிங்கலம் வரும். அதைத் தொட முடியாது, தூரத்தில் தென்னைமர உயரத்துக்கு எழும் மூச்சைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். லா பாஸ் விரிகுடாவில் திமிங்கலச் சுறா. நீலக்கால் பறவைகள் செங்குத்தாக விழுந்து மீன் பிடிப்பது உணவு மேசையிலிருந்தே தெரியும்.

தீவுகளில் இறங்கி நடக்கும்போது மகளுக்குப் பிடிக்கப் போவது சாந்தா கத்தலீனா தீவு என்று நினைக்கிறேன். அங்கே ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறது, வாலில் கிலுகிலுப்பை மட்டும் இல்லை! ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் அந்தக் கண்ணி நிற்காமல் உதிர்ந்துவிடுகிறது. மிதித்துவிடக்கூடிய பெரிய விலங்கு எதுவும் தீவில் இல்லாததால் எச்சரிக்கத் தேவையில்லாமல் போயிற்று என்று ஒரு விளக்கம். ஓசையில்லாமல் புதரில் ஏறிப் பறவை பிடிக்க வசதி என்று இன்னொன்று.

அங்கே நிற்கும் கார்தோன் கள்ளி பத்துப் பதினைந்து மீட்டர் உயரம், சிலது அதற்கும் மேல். கள்ளி என்றால் மாமனாரிடம் ஒன்று சொல்லுங்கள், பழைய சென்னைக்காரராக இருந்தால் ரசிப்பார். நம் சப்பாத்திக்கள்ளியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். அதற்கு நோபால்ரி என்று பெயர். மெக்சிகோவில் இன்றும் அந்தக் கள்ளிக்கு நோபால் என்றுதான் பெயர், முள்ளைச் சீவி வதக்கிக் காய்கறியாகச் சாப்பிடுகிறார்கள். வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று இருக்கும். சுத்த சைவம்.

வளைகுடாவின் வட மூலையில் வக்கீத்தா என்ற கடல்பன்றி இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது, மிச்சம் பத்தை ஒட்டித்தான். உங்கள் கப்பல் அந்தப் பக்கம் போகாது, ஆனால் மகள் நிச்சயம் கேட்பாள். தொத்தோவாபா என்ற மீனுக்குப் போடும் வலையில் சிக்கி அது சாகிறது. அந்த மீனின் காற்றுப்பை சீனாவில் தங்க விலை. நம் கடலில் கூறல் கத்தாழை மீன் கிடைத்தால் அதன் நெட்டிக்காக, அதாவது காற்றுப்பைக்காக, ஏலத்தில் லட்சத்தில் கேட்பார்களே, அதே வியாபாரம். தொத்தோவாபா கத்தாழையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இப்போது காசு. அண்ணன் சொல்லும் சின்னக் கப்பல்களில் முப்பதிலிருந்து நூறு பேர் வரை போவார்கள். விமானச் செலவு சேர்க்காமலே ஆளுக்கு நாலைந்து லட்சத்துக்கு மேல் போகும். (மூவாயிரம் பேர் போகும் மிதக்கும் ஹோட்டல்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவற்றில் பார்க்கக் கிடைக்கும் காட்டுயிர் பஃபே வரிசைதான்.) முன்பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாம்பல் திமிங்கலக் கழியில் எத்தனை முறை பாங்காவில் இறக்குவீர்கள்?" பல கப்பல்கள் வளைகுடாவிலேயே சுற்றிவிட்டு ஒரே ஒரு நாள் பஸ்ஸில் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து மக்தலேனாவுக்குக் கூட்டிப்போகும். அன்று காற்று அடித்தால் முடிந்தது கதை. குளிர்காலத்தில் அங்கே 'நோர்த்தே' என்ற வடகாற்று பிடித்தால் நாட்கணக்கில் விடாது, நம் மீனவர்கள் வாடை என்று சொல்வார்களே, அதன் சித்தப்பா. பதில் 'ஒரு முறை' என்றால், கப்பலுக்கு முன்போ பின்போ லோபெஸ் மாத்தெயோஸில் நீங்களாக இரண்டு நாள் தங்கி, ஊர்ப் படகுகளில் போய்வாருங்கள். மொத்தச் செலவில் அது ஒரு துளி. கையிருப்பு கப்பலுக்கு இடம் கொடுக்காவிட்டால் கப்பலையே விட்டுவிட்டுக் கரையில் ஐந்து நாள் தங்குங்கள். என்னைக் கேட்டால் அதுதான் மேல் என்றுகூடச் சொல்வேன், அண்ணன் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால்.

நான் முதல் முறை ஏமாந்தது நவம்பர் கடைசியில். தெற்கு முனையில் ஒரு சுற்றுலா ஊரில் 'திமிங்கலம் காட்டுகிறோம்' என்று படகுக்காரர் ஒருவர் கூப்பிட்டார். பாட்டு, பானம், எழுபது பேர், திமிங்கலம் மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? சாம்பல் திமிங்கலங்கள் அப்போது வழியில் எங்கோ வந்துகொண்டிருந்தன. விலங்கியல் வாத்தியார் காலண்டர் பார்க்காமல் போனதைத் தங்கை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

மகளும் ஃபோனும். கப்பலில் சிக்னல் வரும், போகும், பெரும்பாலும் போகும். முதல் இரண்டு நாள் சிடுசிடுப்பு இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். அவளுக்கென்று தனி பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், எட்டுக்கு நாற்பத்திரண்டு (8×42) அளவு போதும். வீட்டுக்கு ஒன்று என்று வாங்கினால் திமிங்கலம் வரும் நேரத்தில் அது மாமனார் கழுத்தில் இருக்கும். இரவு சாப்பிட்டபின் அறைக்குப் போய்விடாமல் கப்பலின் மூக்குப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். நிலவில்லாத இரவில் மிதவை உயிர்கள் ஒளிர, டால்பின்கள் பச்சைக் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சில வருடம் அலை நீலமாக மின்னியதே, அதே சங்கதிதான். எங்கள் பையனுக்கு வார்த்தை வர ஆரம்பித்தது அந்த இரவுக்குப் பிறகுதான்.

மாமனாருக்கு: முழங்கால் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி, வயது இல்லை. தீவுகளில் இறங்கும்போது ரப்பர் படகு கரைக்கு முன்னாலேயே நின்றுவிடும். கணுக்கால் தண்ணீரில் காலை வைத்து இறங்கி நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்வார்கள். வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி இல்லாமல் இறங்க முடிகிறது என்றால் இதுவும் முடியும். பாங்காவில் நடுப் பலகைக்கும் பின்னால் உட்காரச் சொல்லுங்கள், மூக்குப் பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் இடுப்பு வாங்கும். குமட்டலுக்கு அவோமின் மாத்திரையை அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதோடு ஒரு டப்பா இஞ்சி மரப்பா. எங்கள் படகில் பாதி வெள்ளைக்காரர்கள் என் தங்கையிடம் வாங்கித் தின்றார்கள்.

சாப்பாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. கப்பலில் சைவம் என்று முன்பே எழுதிவிட்டால் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் சாப்பிடும்போது மசித்த பீன்ஸ் பார்க்க நம் பருப்புக் கடைசல் மாதிரி அப்பாவியாக இருக்கும், பல இடங்களில் தாளிப்பதே பன்றிக்கொழுப்பில். அதற்கு மான்தேகா என்று பெயர். "சின் மான்தேகா" என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். சோளத் தோர்த்தியா, அவகாடோ, நான் சொன்ன கள்ளி, கையில் கொண்டுபோன பருப்புப்பொடி, இதை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.

விசா: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் திரும்ப சான் டியேகோ வரவேண்டுமே, அதனால் பலமுறை நுழைய அனுமதிக்கிற விசாவா என்று பாருங்கள். மாமனாருக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்றே விண்ணப்பியுங்கள், ஜெமினி மேம்பாலத்தடி அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதற்கு விமானம் வேண்டாம். ஜனவரி பிறந்ததும் மகளை ஆமை நடைக்கு அழைத்துப் போங்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988இலிருந்து நடத்துகிறது. நீலாங்கரையில் கிளம்பி மணலிலேயே ஏழு கிலோமீட்டர் நடந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவிலிருந்து விடிகாலை வரை. டார்ச் அடிக்கக் கூடாது, ஃபோன் எடுக்கக் கூடாது. பல இரவுகள் ஒரு பங்குனி ஆமைகூட ஏறாது. 2025 ஜனவரியில் நம் கரையில் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின, அப்படி ஒன்றையும் மிதிக்காத குறையாகக் கடக்க நேரலாம். மூன்று மணி சுமாருக்கு மகள் மணலில் உட்கார்ந்து "எப்பம்மா வீட்டுக்கு?" என்று கேட்டால் கவலைப்படாதீர்கள், அந்த வயதில் எல்லோரும் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தபின் "அடுத்த சனிக்கிழமையும் போலாமா?" என்று கேட்கிறாளா என்று மட்டும் பாருங்கள். கேட்டால் அன்று சாயங்காலமே சான் டியேகோவுக்கு ஃபோன் போட்டுவிடுங்கள்.